நர்ஸ் அண்ணன் பதில்கள்: பிடிப்பதற்கு முந்தைய பத்து நிமிடம்

போன இதழில் ஒரு விடுதி வார்டனுக்கு, "பையன் கை ஓங்கினால் பிடிக்கலாம், ஆனால் பிடித்ததை நோட்டில் எழுதி வையுங்கள்" என்று நாலே வரியில் பதில் சொல்லியிருந்தேன். நாலு வரியில் சொல்லியிருக்கக் கூடாத விஷயம் அது. வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி சந்தேகம். திட்டியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அதைப் பற்றித்தான். சர்க்கரை, முட்டிவலிக்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம். பேச்சு குறைவு, வலிப்பு மாத்திரையும் சாப்பிடுகிறான். அவன் போகிற சிறப்புப் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். 'மாணவர் கட்டுக்கடங்காமல் போனால் பயிற்சி பெற்ற பணியாளர்கள் பிடித்து அமைதிப்படுத்துவார்கள், இதற்குச் சம்மதிக்கிறேன்' என்று இருக்கிறது. எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டேன். பாயில் குப்புறப் படுக்க வைத்து ஆயாக்கள் இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்களாம். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுவானாம். கையெழுத்துப் போடலாமா அண்ணா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

போடாதீர்கள் அம்மா. இந்தப் படிவத்தில், இப்படியே போடாதீர்கள்.

நான் மனநல வார்டில் 29 வருஷம் வேலை பார்த்தவன். உயரம் ஆறடி ஒரு அங்குலம், கை முறம் மாதிரி. வார்டில் யாருக்காவது வேகம் வந்தால் "அண்ணனைக் கூப்பிடு" என்பார்கள். ஊசி போட இல்லை, அமுக்கிப் பிடிக்க. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் தட்டைத் தூக்கி வீசினான். நாலு பேர் சேர்ந்து குப்புறப் போட்டோம். நான் முதுகில் முழங்காலை வைத்தேன். அவன் திமிறினான், நான் அழுத்தினேன். இன்னும் திமிறினான், இன்னும் அழுத்தினேன். அப்புறம் அடங்கினான். "அடங்கிட்டான்" என்று சொன்னதும் நான்தான், கொஞ்சம் பெருமையாகவே. வாசலில் சோற்று வாளியோடு நின்ற சமையல்கார அம்மாதான் "ஐயோ, நகத்தைப் பாருங்க" என்று கத்தினார். நகமெல்லாம் கத்தரிக்காய் நிறம். புரட்டிப் போட்டால் வாய் நிறையச் சோறு. சக்ஷன் போட்டு, ஆக்சிஜன் வைத்து, எப்படியோ திரும்பி வந்தான். அன்றைக்குக் கேஸ் ஷீட்டில் எழுதியது ஒரே வரி: 'நோயாளி கிளர்ச்சியுற்றார், அமைதிப்படுத்தப்பட்டார்.' என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அவன் ஏன் அத்தனை திமிறினான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. குப்புறக் கிடப்பவன் முதுகில் கனம் ஏறினால் நெஞ்சுக்கூடு விரிய இடமில்லை, வயிறும் கீழே அமுங்குவதால் உதரவிதானம் இறங்க முடியாது. போராடுகிற உடம்புக்கோ வழக்கத்தைவிடப் பல மடங்கு காற்று வேண்டும். காற்றுக்காகத் திமிறுகிறவனை நாம் முரண்டு பிடிக்கிறான் என்று நினைத்து இன்னும் அழுத்துகிறோம். கடைசியில் 'அடங்கினான்' என்கிறோமே, அது சில சமயம் அமைதி. சில சமயம் நினைவு போவது. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். உங்கள் பள்ளிக்காரர்கள் சொல்லும் அந்த 'ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுவான்' என்ற வரிதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அதிலும் உங்கள் மகனுக்கு வலிப்பு இருக்கிறது. வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு, உடல் பருமன், சாப்பிட்ட வயிறு, தூக்கம் வரவழைக்கும் மாத்திரை, இதில் எது இருந்தாலும் ஆபத்து கூடும்.

"கத்துகிறானே, அப்போ மூச்சு விடுகிறான்தானே" என்று பள்ளியில் சொல்வார்கள். இங்கிலாந்தில் 2004-ல், சிறார்களை அடைத்து வைக்கும் ஒரு மையத்தில் 15 வயதுப் பையனை மூன்று பணியாளர்கள் உட்கார்ந்த நிலையில் பிடித்தார்கள். பையன் எடை சுமார் 41 கிலோ. மூச்சு விட முடியவில்லை என்று சொன்னான். கத்த முடிகிறது என்றால் மூச்சு விடவும் முடியும் என்று பதில் வந்தது. அவன் இறந்துபோனான். இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் கண்டபடி பிடிக்கவில்லை. அரசு அனுமதித்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பிடி அது. அவன் செத்த பிறகுதான் அந்தப் பிடியை விலக்கினார்கள். குப்புறப் படுக்க வைத்தால்தான் ஆபத்து, உட்கார வைத்துக் கட்டிப் பிடித்தால் பரவாயில்லை என்றும் இருந்துவிட முடியாது. உட்கார்ந்தபடியே தலையை முழங்காலை நோக்கி மடக்கினாலும் நெஞ்சு அடைபடும்.

சரி, என்ன செய்வது? படிவத்தைத் திருப்பி உங்கள் கையால் எழுதுங்கள்: குப்புறப் படுக்க வைக்கச் சம்மதம் இல்லை, முதுகு, நெஞ்சு, கழுத்து, வயிறு எதிலும் பாரம் வைக்கக் கூடாது, தனக்கோ பிறருக்கோ அந்த நொடியில் காயம் ஏற்படும் என்றால் மட்டும், அந்த ஆபத்து நீங்கும் வரை மட்டும் பிடிக்கலாம், பிடிக்காமல் முகத்தையும் மூச்சையும் மட்டும் பார்க்க ஒருவர் தனியாக நிற்க வேண்டும், அவர் 'விடு' என்றால் பிரின்சிபாலே பிடித்திருந்தாலும் விட வேண்டும், அன்று சாயங்காலமே எனக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம் ஒன்று கேளுங்கள்: "போன மாதம் இந்தப் பள்ளியில் எத்தனை தடவை பிடித்தீர்கள்?" எட்டு தடவை என்று ரிஜிஸ்டரைப் புரட்டிச் சொன்னால் எண்ணி எழுதி வைக்கிற வேலையாவது அங்கே நடக்கிறது. "எங்கள் பள்ளியில் ஒரு தடவைகூட இல்லை மேடம்" என்று, படிவம் அச்சடித்து வைத்திருக்கிற பள்ளி சொன்னால், மகனை வேறிடம் சேர்க்கும் யோசனையைத் தொடங்குங்கள்.

வகுப்பில் கலாட்டா செய்யும் பிள்ளையைத் தனி அறையில் பத்து நிமிடம் விட்டால் தானாகச் சரியாகிறது. இது தவறா?
— ஸ்பெஷல் எஜுகேட்டர், திருநெல்வேலி

கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது டீச்சர்?

பிள்ளை தானாகப் போய், வேண்டும்போது தானாக வெளியே வருகிற மூலை என்றால் நல்லது. சத்தம் குறைவாக, டியூப்லைட் அணைத்து, ஒரு மெத்தை போட்டு வையுங்கள். வெளியே தாழ் போட்டால் அதற்குப் பெயர் வேறு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மருத்துவமனையிலேயே தனிமையில் அடைப்பதைக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோய்க் கணக்கில் சேர்க்கவில்லை, அதனால் சிறப்புப் பள்ளிகள் அதன் பிடியில் நேராகச் சிக்குவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கூடாது என்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் கொடூரமாக நடத்துவதிலிருந்து பாதுகாப்பு தருகிறது. 'இது தண்டனை இல்லை, தெரபி' என்று பலகை மாட்டிவிட்டால் இரண்டிலிருந்தும் தப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

பிள்ளை உள்ளே போனதும் வகுப்பு அமைதியாகிறது என்பது நிஜம். சரியானது பிள்ளையா, வகுப்பா என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு எழுதுங்கள்.

என் தம்பி பத்து வருஷமாகக் குடிக்கிறான். மதுரைப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். முதல் 30 நாள் யாரும் பார்க்க வரக் கூடாது, போனும் கிடையாது, முரண்டு செய்தால் 'கொஞ்சம் கண்டிப்பாக' இருப்போம் என்கிறார்கள். கண்டிப்பு இருந்தால்தானே திருந்துவான்?
— ஒரு அக்கா, சிவகங்கை

அக்கா, குடியை நிறுத்தியவனுக்கு முதல் வாரத்தில் என்ன நடக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாளிலேயே கை நடுங்கும், வேர்க்கும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு, மூன்று நாள் கழித்துச் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பான், இல்லாத ஆளோடு சண்டை போடுவான், எழுந்து ஓடுவான். பார்க்கிறவர்களுக்கு இது திமிர் மாதிரி தெரியும். உண்மையில் உயிர் போகக்கூடிய மருத்துவ அவசரம். அவனுக்கு வேண்டியது டாக்டர், மருந்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, நாடித்துடிப்பைப் பார்க்க ஒரு ஆள். அந்த நேரத்தில் கயிற்றால் கட்டி ஒரு அறையில் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். மறுவாழ்வு மையத்தில் ஆள் செத்தான், உடம்பில் காயம் என்று செய்தித்தாளில் நீங்களே படித்திருப்பீர்கள்.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலை ஒரு மனநோயாளிகள் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. கட்டியவர்களும் 'அவர்கள் பாதுகாப்புக்குத்தான்' என்றே சொல்லிவந்தார்கள். கொண்டுவந்து விட்டதும் அக்கா தம்பிகள், அண்ணன் தங்கைகள்தான். உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. வேறு வழி தெரியாத குடும்பம் எதையும் நம்பும், அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

இன்றைக்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017-ம் ஆண்டுச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அடக்கம். சங்கிலியால் கட்டுவது எந்த வடிவத்திலும் கூடாது என்று 95-ம் பிரிவில் இருக்கிறது. கட்டி வைப்பது பற்றி 97-ம் பிரிவு சொல்வதை அந்த மையத்துக்காரரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம். மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். ஆபத்து நீங்கியதும் அவிழ்க்க வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறை என்றும் கட்டக் கூடாது. என்ன முறை, என்ன காரணம், எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு தடவை கட்டியதையும் 24 மணி நேரத்துக்குள் நோயாளி நியமித்த பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாள் யாரையும் பார்க்கவே விடாத இடத்தில் இதில் எதை நீங்கள் சரிபார்ப்பீர்கள்?

மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி எத்தனை நர்ஸ் இருப்பார்கள் என்று கேளுங்கள். முதல் பத்து நாளுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் சேர்ப்பதுதான் என் யோசனை. யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு அடியுங்கள், அரசின் டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசலாம்.

ஓய்வுபெற்று உட்கார்ந்துகொண்டு 'பிடிக்காதே' என்று எழுதுவது சுலபம் சார். போன மாதம் எங்கள் டீச்சர் கையைக் கடித்து ஏழு தையல். பிடிக்காவிட்டால் அடி வாங்குவது யார்? நாங்கள் பணம் கட்டி எல்லோருக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருக்கிறோம், சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறோம். இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும்?
— சிறப்புப் பள்ளித் தாளாளர், கோவை மாவட்டம்

ஏழு தையல் சின்ன விஷயம் இல்லை. அந்த டீச்சருக்கு லீவும் மருத்துவச் செலவும் கொடுத்தீர்களா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், கடிக்கும்போது கையை வெடுக்கென்று இழுத்தால்தான் சதை கிழியும். இழுக்காமல் கையை வாய்ப்பக்கமே லேசாக உள்ளே தள்ளினால் தாடை தளரும், வெளியே எடுத்துவிடலாம். இது உங்கள் இரண்டு நாள் பயிற்சியில் இருந்ததா? இருந்திருந்தால் நல்ல பயிற்சி. நானும் ஒரு பயிற்சிக்குப் போயிருக்கிறேன். இரண்டு நாளில் ஒன்றரை நாள் கை முறுக்கு, பிடி, விழாமல் சாய்ப்பது. 'பிள்ளைக்கு ஏன் கோபம் வந்தது' என்பதற்கு மத்தியானத் தூக்க நேரத்தில் ஒரு மணி நேரம்.

அடி வாங்குவது யார் என்ற கேள்வியை அமெரிக்காவில் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். அங்கே 1998-ல் ஹார்ட்ஃபோர்டு கூரன்ட் என்ற பத்திரிகை, மனநல இல்லங்களில் கட்டியும் பிடித்தும் வைத்தபோது நேர்ந்த மரணங்களைத் தேடித் தொகுத்தது. பத்து வருஷத்தில் 142 மரணங்கள் தெரியவந்தன. அதற்கு முன்னாலேயே பென்சில்வேனியா மாநிலம் தன் அரசு மனநல மருத்துவமனைகளில் ஒரு வேலையைத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு தடவை கட்டியதையும் எண்ணி, ஊழியர்களிடம் மறைக்காமல் காட்டி, ஒவ்வொன்றையும் பிறகு உட்கார்ந்து பேசினார்கள். ஆயிரம் நோயாளி-நாளுக்கு எத்தனை தடவை என்பது அவர்கள் கணக்கு. நூறு பேர் இருக்கும் இடத்தில் பத்து நாள் என்றால் ஆயிரம் நோயாளி-நாள். 1990-க்கும் 2000-க்கும் இடையில் தனியறையில் அடைப்பது 4.2-லிருந்து 0.3-க்கு வந்தது. கட்டி வைப்பது 3.5-லிருந்து 1.2-க்கு. ஒரு தடவை கட்டினால் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் கிடந்தவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் அவிழ்க்கப்பட்டார்கள். ஊழியர்களுக்குக் காயம் கூடியதா என்றும் கடைசி வருஷங்களில் பார்த்தார்கள். கூடவில்லை.

எங்கள் வார்டுக்கு வந்த ஒரு சிஸ்டர் இன்-சார்ஜ் பென்சில்வேனியாவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் நர்ஸ் அறைச் சுவரில் ஒரு சார்ட் பேப்பரை ஒட்டி, 24 மணி நேரத்தையும் கட்டம் போட்டு, யாரையாவது பிடித்தால் அந்த மணிக்கு நேரே சிவப்புப் பொட்டு வைக்கச் சொன்னார். ஸ்டிக்கர் பொட்டு, அவர் வாங்கி வந்தது. எங்களுக்குச் சிரிப்பு. இரண்டு மாதத்தில் சிரிப்பு நின்றது. பொட்டு பாதிக்கு மேல் சாயங்காலம் நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் குவிந்திருந்தது. டீ வர வேண்டிய நேரம் நாலு. வந்தது ஐந்தேகால். அந்த ஒரு மணி நேரம் டீக்காக வரிசையில் நிற்க வைத்திருந்தோம், "உள்ளே போ, வெளியே வா" என்று விரட்டிக்கொண்டு. டீயை நேரத்துக்கு வரவழைத்தார், வரிசையை எடுத்துவிட்டார். பொட்டு குறைந்தது. என் வேலையும் குறைந்தது; அண்ணனைக் கூப்பிடுவது வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று ஆனது. என் முழங்கால் பலத்தால் நடக்காதது ஒரு டீ வாளியால் நடந்ததே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

ஆகவே தாளாளர் சார், சுவரில் சான்றிதழுக்குப் பக்கத்தில் ஒரு சார்ட் பேப்பரையும் மாட்டுங்கள். ரிஜிஸ்டரில் பிடித்த நேரம், விட்ட நேரம், யார் பிடித்தார்கள், யார் முகத்தைப் பார்த்தார்கள், யாருக்கு என்ன காயம் என்பதோடு இன்னொரு கட்டமும் போடுங்கள்: அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது? 'ஒன்றுமில்லை, திடீரென்று கத்தினான்' என்று எழுதினால் ஏற்காதீர்கள், திருப்பி எழுதச் சொல்லுங்கள். மிக்ஸி ஓடியிருக்கும், யாராவது சட்டையை மாற்றியிருப்பார்கள், வேன் லேட்டாக வந்திருக்கும். ஒரே ஆயா பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அவரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் கஷ்டமான பிள்ளைகளையெல்லாம் அவரிடம்தான் தள்ளியிருப்பீர்கள். பிடித்த அன்றைக்கே, பிடித்தவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். கை நடுங்கிக்கொண்டே அடுத்த வகுப்புக்குப் போகிற டீச்சர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிடிக்கவே கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை. ரோட்டுக்கு ஓடுகிற பிள்ளையைப் பிடிக்காமல் விடச் சொல்வேனா?

எனக்கு 34 வயது. 17 வயதில் மனநலம் குலைந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஐந்து பேர் பிடித்துக் கட்டிலில் கட்டினார்கள். உங்களை மாதிரி ஒருவர்தான் என் மார்பில் உட்கார்ந்தார். இப்போது மருந்தோடு நன்றாக இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன். ஒருவேளை மறுபடி வந்தால் என்னைக் கட்டாதீர்கள் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வழி இருக்கிறதா? அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் தண்ணீர்தான். வலது காது கேட்காது, அந்தப் பக்கமே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.
— பெயரும் ஊரும் வேண்டாம்

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை தம்பி. அது நானாக இருந்தாலும் இருக்கலாம். இல்லாவிட்டாலும் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மன்னியுங்கள்.

வழி இருக்கிறது. 2017 சட்டத்தின் 5-ம் பிரிவுப்படி, 18 வயது நிறைந்த யாரும் எனக்கு நோய் வந்தால் இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள், இப்படிச் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். உங்களுக்காகப் பேச ஒரு பிரதிநிதியையும் நீங்களே நியமிக்கலாம். உரிய படிவத்தில், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிய வேண்டும். நலமாக இருக்கும்போதே எழுதுங்கள், அதாவது இப்போதே. ஒரு ஓட்டையும் சொல்லிவிடுகிறேன்: அவசர சிகிச்சைக்கு இந்த எழுத்து பொருந்தாது என்று சட்டமே விலக்கு வைத்திருக்கிறது, அந்த அவசரம் 72 மணி நேரம் வரை நீளலாம். அதனால் வாரியத்தில் பதிவதோடு நிற்காமல், ஒரு அட்டையில் எழுதி மணிபர்ஸில் வையுங்கள், உங்கள் டாக்டரிடம் ஒன்று கொடுங்கள், வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஒன்று ஒட்டுங்கள். டியூட்டி நர்ஸ் முதலில் பார்ப்பது பையைத்தான்.

'கட்டாதீர்கள்' என்பதை மூன்றாவது வரியாக எழுதுங்கள். முதல் வரி வலது காது. இரண்டாவது தண்ணீர்.